ஆயிரம் வெள்ளியும் மாமாவின் நோட்டும்

19 டிசம்பர் 2024, வியாழன். திருச்சி

விமானம் ஏற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஆனாலும் பயணம் இன்றைக்கே தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். காலை பத்து மணியிலிருந்து வெளிநாட்டுப் பணம் மாற்றும் ஃபாரெக்ஸ் கடை மூன்று ஏறி இறங்கிவிட்டோம்.

போவது மூன்று பேர். நான், மனைவி, மாமனார். சிங்கப்பூரில் இறங்கி, பேருந்தில் கோலாலம்பூர், ரயிலில் பினாங்கு, அங்கிருந்து எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். மாமா மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும், நூலில் கட்டிய பேனாவோடு. இந்த நாட்குறிப்பில் கோயில், கடற்கரை, சாப்பாடு என்று எழுதலாம் என நினைத்திருந்தேன். இன்றைக்கு அந்த நோட்டில் மாமா போட்ட கணக்கைப் பார்த்ததும் எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி இந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரமே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போவதும் வருவதுமாக இருக்கிறது. ஊர் திரும்புகிறவர் கையில் மிஞ்சும் வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) மலேசிய ரிங்கிட்டும் இங்கேதான் வந்து சேரும். வெண்டைக்காய் மாதிரிதான். வரத்து இருக்கும் சந்தையில் விலை கொஞ்சம் இறங்கும்.

இன்று இணையத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி சுமார் 63 ரூபாய். வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும் விலைகளின் நடு விலை அது. நமக்கு அந்த விலையில் யாரும் தரமாட்டார்கள். ஆனால் மற்ற விலைகளை அளக்கும் முழக்கோல் அதுதான். என் வங்கிக்கு போன் செய்தேன், 65.80 என்றார்கள். முதல் கடையில் 64.40. இரண்டாவது கடையில் 63.60 என்று சொன்னதும் நான் பர்ஸை எடுத்துவிட்டேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ரேட்டை விடுங்க. ஆயிரம் வெள்ளிக்கு எல்லாம் சேத்து எங்க கையிலேர்ந்து எவ்வளவு போகும்?" என்று கேட்டார். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். சர்வீஸ் சார்ஜ் 300 ரூபாய் என்று ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. ஆக 63,900. மூன்றாவது கடையில் விலை 63.70, வேறு சார்ஜ் எதுவும் இல்லை, 63,700. இரண்டாவதைவிடக் கூடிய விலை சொன்ன கடைதான் கடைசியில் மலிவு.

இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு, அது எந்தக் கடைக்கும் ஒன்றுதான். ஒரு லட்சம் வரை மாற்றினால், மாற்றும் தொகையில் நூற்றுக்கு ஒன்றை (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாக வைத்து அதற்கு 18 சதவீதம். எனக்கு 115 ரூபாய் வந்தது. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் எல்லாம் கேட்டார்கள்.

இரண்டு வார்த்தை சண்டையும் நடந்தது. நான் வெள்ளியாகவே வாங்கி, ரிங்கிட்டைச் சிங்கப்பூரில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளை, ரெண்டு தடவை மாத்தினா ரெண்டு தடவை வெட்டு. எந்த ஊருக்குப் போறோமோ அந்த ஊர்ப் பணத்தை நேரா வாங்கணும்." தன் பங்குக்கு 2,000 ரிங்கிட் வாங்கினார். நடு விலை 19.09 இருக்க, கடை விலை 19.60. விடுமுறைக் காலம், ரிங்கிட்டுக்குக் கிராக்கி என்றார்கள். 39,200 ரூபாய்.

மனைவி எதுவும் வாங்கவில்லை. மாற்றுக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றைப் போன மாதமே எடுத்து வைத்திருக்கிறாள். மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "இதுல எவ்வளவு இருக்குன்னு எண்ண முடியுமா?"

21 டிசம்பர், சனி. சிங்கப்பூர்

நாலு மணி நேர விமானம். இறங்கி வெளியே வந்ததும் கண்ணில் பட்ட முதல் பணமாற்று கவுன்ட்டரில் மாமா நின்றுவிட்டார். அவரிடம் 25,000 ரூபாய் இந்திய நோட்டு இருக்கிறது. ஒருவர் அவ்வளவுதான் கொண்டுபோகலாம் என்று படித்துவிட்டுச் சரியாக அவ்வளவே கொண்டுவந்திருக்கிறார்.

பலகையில் ரூபாய்க்கு நேராக 1.46 என்றிருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒன்றரை வெள்ளியா என்று ஒரு நிமிடம் எங்கள் இருவருக்கும் தலை சுற்றியது. நூறு ரூபாய்க்காம். பக்கத்திலேயே இன்னொரு எண். நாங்கள் வாங்குவது, நாங்கள் விற்பது என்று இரண்டு பத்தி. இதில் 'நாங்கள்' என்பது கடைக்காரர். நாம் ரூபாயைக் கொடுத்தால் அவர் வாங்குகிறார், எனவே பார்க்க வேண்டியது வாங்கும் பத்தி. குழப்பமாக இருந்தால் இரண்டில் நமக்கு எது மோசமோ அதுதான் நம்முடையது என்று வைத்துக்கொள்ளலாம், தப்பாது.

நடு விலைப்படி நூறு ரூபாய்க்கு 1.58 வெள்ளிக்குச் சற்று மேல் வர வேண்டும். 1.46 என்றால் நூற்றுக்கு எட்டு ரூபாய் கவுன்ட்டரிலேயே தங்கிவிடும். மாமா நோட்டை மூடினார். கையில் வெள்ளி இருந்தது. ரயிலுக்கு மனைவி தன் கார்டையே கதவில் தட்டிவிட்டு உள்ளே போனாள். வெளிநாட்டுக் கார்டு என்றால் நாளொன்றுக்கு 60 காசு கூடுதல் கட்டணம், அவ்வளவுதான்.

இரவு சிராங்கூன் சாலையில் அதே ரூபாய்க்கு 1.55. மாமா 20,000 ரூபாயை நீட்டி 310 வெள்ளி வாங்கினார். விமான நிலையத்தில் 292 கிடைத்திருக்கும். பதினெட்டு வெள்ளி, அதாவது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். வெற்றிக் களிப்பில் மூன்று பேருக்கும் தோசை வாங்கிக் கொடுத்தார். அறைக்கு வந்து கணக்குப் போட்டதில், இதே ரூபாயைத் திருச்சியில் வெள்ளியாக்கியிருந்தால் 314 கிடைத்திருக்கும் என்று தெரிந்தது. தூக்கம் கெட்டுவிடும் என்று அதை நான் அவரிடம் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் நோட்டில் அந்த எண் இருக்கிறது.

22 டிசம்பர், ஞாயிறு. சிங்கப்பூர்

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் பையன்கள் வாரத்தின் ஒரே விடுமுறையைக் கழிக்க இங்கேதான் வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை தெரு வரைக்கும் நிற்கிறது. ஒவ்வொருவர் கையிலும் போன், போனில் இன்றைய விலை. ரூபாய் இறங்க இறங்க இவர்களுக்கு நல்லது, எங்களுக்குக் கெட்டது. ஒரே தெருவில் எதிரும் புதிருமான இரண்டு வேண்டுதல்.

டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கியபோது பத்து வெள்ளி நோட்டு ஒன்று வேறு மாதிரி இருந்தது. மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, ஏமாத்திட்டாங்க" என்றார். அது புருணை நாட்டு நோட்டு. கடைக்காரர் சிரித்தார். சிங்கப்பூர் வெள்ளியும் புருணை வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. 1967-இல் போட்ட ஒப்பந்தம், இன்னமும் நடப்பில் இருக்கிறது. அப்படியும் மாமா சமாதானமாகாமல் அந்த நோட்டை அடுத்த கடையிலேயே செலவழித்துவிட்டார்.

அப்புறம் ரிங்கிட் வாங்கும் படலம். வரிசையாக நாலைந்து நாணய மாற்றுக் கடைகள். ஒரு வெள்ளிக்கு 3.25, 3.27, மறுபடி 3.27. கடைசிக் கடையில் "ஐந்நூறு வெள்ளி மாற்றுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் 3.28 ஆனது. நடு விலை 3.30 என்னும்போது இது நூற்றுக்கு சுமார் 60 காசு லாபம்தான். மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலத்தைத் தினமும் கடக்கும் கூட்டத்துக்கு எல்லாரும் விற்கிறார்கள், போட்டியில் லாபம் தேய்ந்து போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வங்கிகளுக்கு இடையிலான பணச் சந்தை மூடியிருக்கிறது, நாளை விலை எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர்கள் வார இறுதியில் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார்கள். அப்படியும் இந்த விலை.

மாமா அமைதியாக நோட்டைத் திறந்தார். திருச்சியில் ரிங்கிட்டுக்குக் கொடுத்த 39,200 ரூபாயை 63.70 ஆல் வகுத்தால் 615 வெள்ளி 38 காசு. அதை 3.28 ஆல் பெருக்கினால் 2,018 ரிங்கிட் 45 சென். அவர் கையில் இருப்பது 2,000. இரண்டு தடவை வெட்டு வாங்கியும் என் வழியில் 18 ரிங்கிட் கூடுதல். இரண்டு சின்ன வெட்டு ஒரு பெரிய வெட்டைவிடச் சின்னதாக இருந்துவிட்டது. மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் அதே விடை. "ஜிஎஸ்டியை நீ சேக்கலையே" என்றார். அது வெள்ளி வாங்கினாலும் ரிங்கிட் வாங்கினாலும் ஒன்றுதான் என்றேன். அதற்குப் பிறகு முஸ்தபா கடை வரைக்கும் பேச்சில்லை.

எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் வருகிற பணம் இரண்டு பக்கமும் தாராளமாகப் புழங்குவதாக இருந்தால்தான் இந்தச் சுற்றுவழி லாபம்.

23 டிசம்பர், திங்கள். கோலாலம்பூர்

இன்றைக்கு அடி வாங்கியது நான். அடக்கமாக எழுதுகிறேன்.

காலையில் பேருந்து, இரண்டு குடிநுழைவுச் சோதனை, ரப்பரும் எண்ணெய்ப்பனையுமாக நெடுஞ்சாலை, மாலையில் கோலாலம்பூர். விடுதியில் ஓர் இரவுக்கு 540 ரிங்கிட். ரொக்கத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று என் கிரெடிட் கார்டைக் கொடுத்தேன். வரவேற்பிலிருந்த பெண் கருவியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சீட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு லிஃப்டில் ஏறிய பிறகுதான் சீட்டைப் பார்த்தேன். ரிங்கிட்டில் இருக்க வேண்டிய தொகை ரூபாயில் இருந்தது. 11,030.

கருவி ஒரு கேள்வி கேட்டிருக்கும். ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா? ரூபாய் என்றால் நமக்குப் பழகிய கணக்கு, எவ்வளவு போகிறது என்று உடனே தெரிகிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ரூபாய்த் தொகையைப் போடுவது நம் வங்கி அல்ல. கடைக்காரரின் கருவியை நடத்தும் நிறுவனம், தன் விருப்பத்துக்கு ஒரு விலை வைத்து மாற்றுகிறது. அதில் விடுதிக்கும் பங்கு போகும். நடு விலையில் 540 ரிங்கிட் என்பது 10,309 ரூபாய். ரிங்கிட்டிலேயே கட்டியிருந்தால் என் வங்கி 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியுமாகச் சேர்த்து சுமார் 10,735 பிடித்திருக்கும். அதுவே கொள்ளை. ரூபாய் என்று ஒரு பொத்தானை அழுத்தியதில் அதற்கும் மேல் 295 ரூபாய் போயிற்று. சில வங்கிகள் இப்படி வெளிநாட்டில் ரூபாயில் கட்டினால் அதற்கும் தனியாக ஒரு கட்டணம் போடுகின்றன. என்னுடையது போடுமா என்று மாதக் கடைசியில் தெரியும்.

கீழே இறங்கிப் போய் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் வேறு வேலையில் இருந்தார், எனக்கும் களைப்பு. கேட்காமல் அழுத்தினாலும் கையெழுத்துப் போடும் முன் சீட்டைப் படிக்க வேண்டியது என் வேலை.

"என் கார்டைக் கேட்டிருக்கலாமே" என்று மனைவி ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மாமா அதைக்கூடச் சொல்லவில்லை. நோட்டில் என் பெயரில் புதிதாக ஒரு பத்தி திறந்திருக்கிறார்.

24 டிசம்பர், செவ்வாய்

காலையில் லெபோ அம்பாங் தெருவில் ஒரு நடை. செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பழைய கட்டடங்கள், அவற்றின் கீழே இன்றைக்கும் பணமாற்றுக் கடைகள். நாங்கள் எதுவும் மாற்றவில்லை. மதியம் ரயில், மாலையில் படகு, இரவு பினாங்கு. நல்ல மழை.

25 டிசம்பர், புதன். பினாங்கு

கிறிஸ்துமஸ், வங்கிகள் மூடியிருக்கின்றன. பணமாற்றுக் கடைகளுக்கு அதெல்லாம் கிடையாது.

ஜார்ஜ் டவுனில் பினாங்கு தெருவை நம்மவர்கள் கிட்டங்கித் தெரு என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் பாய், அதுதான் வங்கி. இங்கிருந்து சற்றுத் தள்ளி, கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் இருக்கும் சாலையில் தமிழ் முஸ்லிம்களின் பணமாற்றுக் கடைகள். ஒரு ஆள் உட்காரும் அகலம், கண்ணாடிக்குப் பின்னால் கட்டுக்கட்டாக எல்லா நாட்டுப் பணமும், ஓரத்தில் வாரப்பத்திரிகை.

அப்படி ஒரு கடையில் தாய்லாந்து பாட் விலை கேட்கப் போனவர்கள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர், அப்பா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாமா தன் பழக்கப்படி, "என்ன பாய், ரூபாய்க்கு இவ்வளவு கம்மியா போட்டிருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். அவர் கோபப்படவில்லை. "உக்காருங்கண்ணே" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. எந்த ஊரிலும் எதையும் கொடுக்கலாம். அந்த ஏற்பாட்டை 1973-இல் முறித்துக்கொண்டார்கள். "அன்னைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னைக்கு மூணேகாலுக்கு மேல." புருணை மட்டும் சிங்கப்பூரோடு இருந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பத்து வெள்ளி நோட்டைப் பத்திரமாக வைத்திருந்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

1997-இல் ஆசிய நாடுகளின் பணமெல்லாம் சரிந்தபோது, அமெரிக்க டாலர் இரண்டரை ரிங்கிட்டிலிருந்து ஏறத் தொடங்கி, 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. "காலைல எழுதின பலகையை மத்தியானம் அழிப்பேன். சாக்பீஸ் செலவே தனி." அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் டாலருக்கு 3.80 என்று ஆணி அடித்து நிறுத்தியது. 2005 ஜூலை வரைக்கும் அதே விலை. "ஏழு வருஷம் டாலர் பலகையில நான் கையே வைக்கலை." இடையில், 1999 ஜூலையிலிருந்து 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் செல்லாது என்றும் ஆனது.

இந்த இடத்தில் மாமாவுக்கு வாய் திறந்துவிட்டது. 2016 நவம்பர் 8 இரவு. அவர் அப்போது கவுன்ட்டரில் இருந்தார். பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை வாங்க ஆரம்பித்து நாலைந்து நாளில், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. வரிசையில் நின்ற ஊர்க்காரர்களுக்குப் பதில் சொன்ன கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். பாய் முதல் முறையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட ஐந்நூறு ரூபாய்க் கட்டு எத்தனை இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? இங்கேர்ந்து எந்த வங்கியில போய்க் கொடுக்கிறது? ஊருக்குப் போறவங்க கிட்ட கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தனுப்பினேன். மிச்சம் இன்னும் இருக்கு. ரூபாய்க்கு ஏன் கம்மின்னு கேட்டீங்கல்ல? இந்த ஊர்ல அதை வாங்குற ஆளு கம்மி. நான் வாங்கி இந்தப் பெட்டியில வச்சிருக்கணும். எத்தனை நாள்னு தெரியாது. அந்தப் பயத்துக்கும் சேத்துத்தான் அந்த விலை."

ஆறு நாளாக நானும் மாமாவும் வெட்டு, கொள்ளை என்று பேசிக்கொண்டிருந்த ஒன்றை, வெட்டுபவர் பக்கத்திலிருந்து முதல் முறையாகக் கேட்டோம். யார் கடையில் எந்தப் பணம் வேகமாகக் கைமாறுகிறதோ அங்கே அதற்கு நல்ல விலை. சிராங்கூன் சாலையில் ரிங்கிட் காலையில் வந்து மாலைக்குள் போய்விடுகிறது. இங்கே ரூபாய் பெட்டியிலேயே படுத்துக் கிடக்கிறது.

மாமாவிடம் மருமகன் ஒருவர் எப்போதோ கொடுத்த 50 அமெரிக்க டாலர் நோட்டு இருந்தது. ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள். பாய் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எழுத்து, கிழிசல், முத்திரை எதுவும் இருந்தால் கஷ்டமாம். புது நூறு டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை பழைய ஐந்து, பத்து டாலர் நோட்டுக்குக் கிடைக்காது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் வந்த வேலையைக் கேட்டோம். ரிங்கிட்டுக்கு 7.58 பாட் தருவதாகச் சொன்னார். உடனேயே, "ஹாட்யாய் ஊருக்குள்ள இதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். எல்லையில மட்டும் மாத்தாதீங்க. வழிச்செலவுக்கு ஒரு நூறு ரிங்கிட் எங்கிட்ட மாத்திக்குங்க, போதும்" என்றார். 758 பாட் வாங்கிக்கொண்டோம். தன் கடை வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்ட மனிதர். மதியம் பக்கத்திலேயே 'நாசி கண்டார்' என்னும் சோற்றுச் சாப்பாடு. ரொக்கம் மட்டும்தான், மனைவியின் கார்டு அங்கே பலிக்கவில்லை.

27 டிசம்பர், வெள்ளி. ஹாட்யாய்

நேற்று எழுத முடியவில்லை, இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை மலேசிய ரயில். ஒரே நிலையத்துக்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தாய்லாந்து ரயில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். எல்லையில் விசாரித்த இடத்தில் ரிங்கிட்டுக்கு 7.45. ஹாட்யாயில் சந்தைப் பக்கம் 7.62. ஐந்நூறு ரிங்கிட் மாற்றினோம், 3,810 பாட். எல்லையில் 3,725 கிடைத்திருக்கும். பினாங்கிலேயே மாற்றியிருந்தால் 3,790. அதாவது பாய் கடைக்கும் இதற்கும் இருபது பாட். ஈர வெயிலில் அரை மணி நேரம் கடை கடையாக நடந்து அந்த இருபதைச் சம்பாதித்து, நடந்த களைப்புக்கு அதைவிடக் கூடுதல் கொடுத்து மூன்று இளநீர் குடித்தோம். மாமா இளநீரை நோட்டில் சேர்க்கவில்லை.

அவரிடம் மிச்சமிருந்த 5,000 ரூபாய்க்கு ஒரு கடையில் விலை கேட்டார். ரூபாய்க்கு 0.33 பாட். 0.40 வர வேண்டும். கிட்டத்தட்ட நூற்றுக்கு பதினெட்டு போகிறது. முந்தா நாளாக இருந்திருந்தால் கடைக்காரரைத் திட்டியிருப்பார். இப்போது, "பாவம், அவருக்கும் பெட்டியிலதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு நோட்டுகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

இரவுச் சந்தையில் மறுபடி நான் மாட்டினேன். கையிலிருந்த பாட் தீர்ந்துவிட்டது, மாற்றுக் கடைகள் மூடிவிட்டன, தள்ளுவண்டிகளில் கார்டு செல்லாது. விடுதி அறையில் ரிங்கிட் இருக்கிறது, யாருக்கு உபயோகம்? ஏடிஎம்மில் என் கார்டைப் போட்டு 3,000 பாட் எடுத்தேன். அந்த ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட் பிடித்தது. எவ்வளவு எடுத்தாலும் அதே 220, எனவே கொஞ்சமாக எடுப்பவனுக்குத்தான் அடி. அதைத் தாண்டினால், மாற்று விலையை ஏற்கிறீர்களா என்று திரை கேட்டது. கோலாலம்பூரில் சூடு பட்ட பூனை, இந்த முறை மாற்றாமலே தொடரவும் என்பதை அழுத்தினேன். அப்படியும் என் வங்கி தன் 3.5 சதவீதத்தையும் ஜிஎஸ்டியையும் போட்டு 8,315 ரூபாய் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. கைக்கு வந்தது 3,000 பாட். ஒரு பாட் 2 ரூபாய் 77 காசு, நடு விலை 2.48. சிங்கப்பூரில் பத்துக் காசுக்காக நாலு கடை ஏறி இறங்கியவன், இங்கே ஒரே இரவில் நூற்றுக்கு பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு மாம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு நன்றாகத்தான் இருந்தது.

மனைவியின் கார்டுக் கணக்கை அவளே எடுத்துக் காட்டினாள். இதுவரை அவள் கட்டிய ஒவ்வொரு பில்லும் நடு விலையை ஒட்டியே விழுந்திருக்கிறது. எந்த வரிசையிலும் நிற்கவில்லை, எந்தப் பலகையையும் அண்ணாந்து பார்க்கவில்லை. மாமா போனை வாங்கி, ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். "சரி, எண்ண முடியாட்டியும் கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

30 டிசம்பர், திங்கள். திருச்சி

நேற்று இரவு கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்தோம். காலையிலேயே மாமா தயார். மிச்சம் 180 ரிங்கிட். எனக்கு 40 வெள்ளி மீதி, அதை நான் மாற்றவில்லை. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அடுத்த தடவைக்கு ஆகும். பாட் சில்லறையை எந்தக் கடையும் வாங்காது, அது தெருப் பிள்ளைகளுக்கு.

அதே மூன்றாவது கடை. பலகையில் ரிங்கிட் வாங்கும் விலை 18.55, விற்கும் விலை 19.65. எங்களுக்கு முன்னால் ஒரு பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அறந்தாங்கிப் பக்கம். ஜொகூரில் வேலை, முதல் பயணம், புது பாஸ்போர்ட். கைச்செலவுக்கு 180 ரிங்கிட் வேண்டுமாம், எண்ணி எண்ணி வைத்த பணத்துக்கு அவ்வளவுதான் வருகிறது. மாமா என் காதருகே குனிந்தார்.

"மாப்பிள்ளை, அவனும் நூத்தி எம்பதுதான் கேக்கிறான். நடுவுல பத்தொன்பது பத்துக்கு நான் அவனுக்கே கொடுத்துட்டா ரெண்டு பேருக்கும் லாபம்."

கணக்கு சரி, சட்டம் இடம் கொடுக்காது. உரிமம் பெற்ற கடையில்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே மாமாவிடம் கை நீட்டினார். நூறு ரிங்கிட் ஒன்று, ஐம்பது ஒன்று, பத்து மூன்று. விளக்கில் பிடித்துப் பார்த்தார், எண்ணினார், 3,339 ரூபாய் கொடுத்தார். பையனிடம் 3,537 ரூபாய் வாங்கினார். பிறகு டிராயரில்கூடப் போடாமல், மாமா கொடுத்த அதே நூறு, அதே ஐம்பது, அதே மூன்று பத்தை அப்படியே பையன் பக்கம் நகர்த்தினார்.

மாமா நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் 198 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.